சின்னத் துளை ஆபரேஷனில் ஈரலை எப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், ஈரலைத் தூக்கிப் பிடித்துத்தான் எடுப்போம் என்று கண்டியில் டொக்டர் சொன்னதாக ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சின்னத் துளைக்குள் அது எப்படி என்பதுதானே சந்தேகம்?

முதலில் வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயு ஏற்றி இடம் உண்டாக்குவார்கள். மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தி இடப்பக்கம் சாய்த்தால் குடல் தானாகச் சரிந்துவிடும். அப்புறம் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள நீண்ட கிடுக்கியால் பித்தப்பையின் நுனியைக் கவ்வி, வலத் தோள் பக்கமாகத் தள்ளுவார்கள். ஒட்டியிருக்கும் ஈரலும் கூடவே எழும்பும். பித்தப்பைக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

ஈரல் பெருத்திருந்தால், அல்லது இரைப்பை ஆபரேஷன் என்றால்தான் ஒதுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வரும். ஒருவகை, மடக்கிய குடை மாதிரி ஒல்லியாக உள்ளே போய், பிடியைத் திருகியதும் மூன்று அல்லது ஐந்து விரலாக விரியும். நேதன்சன் வகை வேறு: நெஞ்செலும்புக்குக் கீழே சிறு வெட்டில் நுழைக்கும் வளைந்த எஃகுக் கம்பி. அது ஈரலின் இடப்பகுதியைத் தாங்கும். வெளிமுனையை மேசையில் பூட்டிய தாங்கியோடு இறுக்கிவிடுவார்கள். உதவியாளரின் கை களைக்கும், இது களைக்காது.

ஈரலுக்கு நோகாதா? முனைகள் மழுங்கலானவை. நெடுநேரம் அழுத்தினால் இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் கொஞ்சம் ஏறலாம். பொதுவாகச் சில நாளில் இறங்கிவிடும். பிறகு தோள்பட்டை வலித்தால் அது பெரும்பாலும் வாயுவின் வேலை. காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் மட்டும், தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு இருந்துவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.