டர்பனுக்கு வரும் பெற்றோரும் அக்கா மகனும்: விசா கேட்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி: நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். இந்தியக் குடிமகன், தென்னாப்பிரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவன். என் மனைவிக்கு மே மாதம் பிரசவம். திருச்சியிலிருந்து என் பெற்றோரையும், கோடை விடுமுறையில் இருக்கும் பதினோரு வயது அக்கா மகனையும் வரவழைக்க எண்ணுகிறேன். அக்காவுக்கு விடுப்பு கிடைக்காது. அக்காள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் இங்கே இருப்பதைச் சொல்லாமல், கேப்டவுன் ஓட்டல் முன்பதிவைக் காட்டி வெறும் சுற்றுலா என்று விண்ணப்பித்தால் விசா எளிதில் கிடைக்கும் என்றும், வந்த பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் திருச்சி ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். பெற்றோர் ஆறு மாதம் தங்க ஆசைப்படுகிறார்கள். என் மனைவி வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர் எடுத்துச் செய்துவருகிறார். அதில் அம்மா உதவலாமா?

பதில்: ஏஜென்ட் சொன்ன வழியில் தயவுசெய்து போகாதீர்கள். உங்கள் பெற்றோர் வருவதற்குச் சட்டத்தில் நேரான வழி இருக்கிறது. மகன் வீட்டுக்குப் பெற்றோர் வருவதை 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் குற்றமாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ பார்க்கவில்லை. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படும் வருகையாளர் விசா உறவினரைப் பார்க்க வருபவர்களுக்கும் உரியதே. உண்மையைச் சொல்லியே பெறக்கூடிய ஒன்றை மறைத்துப் பெற முயன்றால், பிறகு வரும் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் சொன்ன பொய்யையே காப்பாற்ற வேண்டியிருக்கும். விசா கையில் இருந்தாலும் நாட்டுக்குள் அனுமதிப்பது விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் குடிவரவு அதிகாரியின் முடிவு. “யார் வீட்டில் தங்கப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்கும்போது, வாழ்நாளில் முதல்முறையாக விமானம் ஏறிவந்த ஒரு தாய் கேப்டவுன் ஓட்டலின் பெயரை நினைவுபடுத்திக்கொண்டு நிற்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். போலி ஆவணத்தின் பேரில் விசா பெறப்பட்டது என்று தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். போலி விசாவோ போலிக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவரைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ‘தடைசெய்யப்பட்ட நபர்’ என்ற வகையிலேயே சேர்க்கிறது.

ஆகவே விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: மகன் டர்பனில் இருக்கிறான், மருமகளுக்குப் பிரசவம், தங்குவது மகன் வீட்டில், திரும்பும் தேதி இது. டிஎச்ஏ-84 என்னும் விசா விண்ணப்பப் படிவத்துடன் நீங்கள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், உங்கள் நிரந்தர வதிவுரிமைச் சான்றின் சான்றளிக்கப்பட்ட நகல், வீட்டு முகவரிக்கான ஆதாரம், பயணச்செலவுக்கான வங்கிக் கணக்கு விவரம், போகவர விமான முன்பதிவு ஆகியவற்றை இணைக்க வேண்டும். பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால் அதைக் கடிதத்திலேயே எழுதி, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் வையுங்கள். விண்ணப்பத்துக்கு இரண்டொரு நாள் முன்பு பெற்றோரின் கணக்கில் திடீரென்று பெருந்தொகை போட்டுக் காட்டுவது நம் ஊரில் பழகிப்போன உபாயம். பரிசீலிக்கும் அதிகாரிக்கும் அது பழகிப்போனதுதான். நகல்களுக்குச் சான்றளிப்பதையும் பிரமாணப் பத்திரம் எடுப்பதையும் இங்குள்ள எந்தக் காவல் நிலையத்திலும் கட்டணமின்றிச் செய்துதருவார்கள். கடவுச்சீட்டு, திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது 30 நாட்களாவது செல்லுபடியாக வேண்டும். அதில் முத்திரையிட இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது அக்கா மகனின் பயணம்தான். நீங்கள் அதைப் பற்றித் தனியாக எதுவும் கேட்கவில்லை. தாத்தா பாட்டியுடன் வருகிற பிள்ளைக்கு என்ன சிக்கல் என்று நினைத்திருக்கலாம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை; பெற்றவர்கள் அல்லாத எவருடன் வந்தாலும், அவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும், பெற்றோர் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்காக 2015 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதி இது. 2019 நவம்பரில் சில தளர்வுகள் வந்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றின் பயன் முக்கியமாகப் பெற்றோருடன் வரும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத்தான். விசா தேவைப்படும் நாட்டினரான உங்கள் மருமகனுக்கு இந்த ஆவணங்கள் விசா விண்ணப்பத்திலேயே கேட்கப்படும்.

தாய், தந்தை இருவரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், இருவரின் சம்மதப் பிரமாணப் பத்திரங்கள், இருவரின் கடவுச்சீட்டு நகல்கள், தொடர்பு எண்கள், குழந்தையை ஏற்றுக்கொள்ளும் உங்கள் கடிதமும் முகவரியும், இவ்வளவும் வேண்டும். அக்கா திருச்சியில் ஒரு நோட்டரி முன்னிலையில் தம் பத்திரத்தை முடித்துவிடலாம். அக்காள் கணவர் மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிப்பு பெற்று அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அச்செடுத்து வைப்பது போதாது. பிரமாணப் பத்திரம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், இப்போதே எடுத்து வைத்துவிடலாம் என்று அவசரப்படவும் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாருடன், எந்த முகவரிக்கு என்பதை அதில் வெளிப்படையாக எழுதுங்கள். தாத்தா பாட்டியின் பெயர்கள் அவர்களது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் படும் பாட்டை என் அலுவலகத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ‘மு. செந்தில்’ என்றிருக்கும், கடவுச்சீட்டில் ‘செந்தில் முருகேசன்’ என்று இனிஷியல் விரிந்து நிற்கும். நமக்கு இருவரும் ஒருவரே என்பது பார்த்ததும் விளங்கும். இனிஷியல் வழக்கம் இல்லாத நாட்டின் அதிகாரிக்கு அது இரண்டு வெவ்வேறு மனிதர்களின் பெயராகத் தோன்றலாம். இரண்டும் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி இணைத்துவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் பதியப்படாமல் வெறும் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால், முதல் வேலையாக உள்ளூர் பதிவு அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்குங்கள்.

ஆறு மாதம் தங்குவது பற்றி: வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் அனுமதி இல்லை. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் விசா முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். 30 நாட்களுக்குக் குறைவாக வழங்கப்பட்ட விசாவானால், முடிவதற்கு 7 வேலைநாட்களுக்கு முன்பு. அதாவது மூன்று மாத விசாவில் வருபவர் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும்; நீட்டிப்பு கிடைத்தே தீரும் என்ற உறுதியும் கிடையாது. பெற்றோர் நீண்ட நாள் உடனிருப்பதே உங்கள் விருப்பமானால் 18ஆம் பிரிவில் உள்ள உறவினர் விசாவைப் பரிசீலியுங்கள். குடிமகனின் அல்லது நிரந்தர வதிவாளரின் நெருங்கிய குடும்பத்தினருக்கு அது உரியது. ஆளுக்கு மாதம் 8,500 ரேண்ட் என்ற நிதி உத்தரவாதத்தை நீங்கள் தர வேண்டும். இந்த விசாவை இந்தியாவிலிருந்தே விண்ணப்பித்துப் பெற வேண்டும். வருகையாளராக வந்தபின் உள்ளிருந்தே வேறு விசாவுக்கு மாறுவதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

அம்மா பேரக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், வீட்டில் சமைக்கலாம், அது குடும்பம். விற்பனைக்காக வாங்கிய ஆர்டரில் அவர் கைவைப்பது வேலை என்றே கொள்ளப்படக்கூடும். வருகையாளர் விசாவிலும் உறவினர் விசாவிலும் வேலைக்கு இடமில்லை. சம்பளம் வாங்கவில்லையே என்ற சமாதானத்தை நம்பி அவரை அந்த நிலைக்கு ஆளாக்காதீர்கள். அந்த மாதங்களில் ஆர்டரைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

பயணவழியைத் தேர்ந்தெடுக்கும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வந்து, அந்த விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், ஒரு வயது நிரம்பிய எவருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லுபடியாகும். முதியவர்களுக்கு இந்த ஊசி எல்லா உடல்நிலைக்கும் ஏற்றதல்ல என்பதால், துபாய் அல்லது தோகா வழியை நான் பரிந்துரைக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கி டர்பன் விமானம் மாறுவதானால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். எனவே சம்மதப் பத்திரங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தால் ஒரு மாதத்துக்குரியதை மருத்துவரின் சீட்டுடன் கொண்டுவரலாம். அதன்பின் இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். தேன், விதை, கறிவேப்பிலைக் கன்று போன்றவற்றை அனுமதிச்சீட்டு இல்லாமல் கொண்டுவர முடியாது. பிரசவ மருந்துக்கென்று வீட்டுத் தேன் பாட்டிலைக் கட்டிக்கொண்டு வரும் பாட்டிகள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பே உள்ள நோய்களையும் உள்ளடக்கும் பயணக் காப்பீட்டை எடுக்காமல் அவர்களை விமானம் ஏற்றாதீர்கள்.

அவர்கள் வந்து இறங்கிய அன்றே கடவுச்சீட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். விசா ஸ்டிக்கரில் நுழைய வேண்டிய கடைசித் தேதி வேறு. தங்கலாம் என்று அனுமதித்த நாட்கள் வேறு. முன்னதைத் திரும்பும் தேதி என்று எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய. தங்கும் காலம் 30 நாட்கள் வரை மீறப்பட்டால் 12 மாதங்களும், 24 மாதத்துக்குள் இரண்டாம் முறை மீறினால் 2 ஆண்டுகளும், 30 நாட்களைத் தாண்டினால் 5 ஆண்டுகளும் இந்நாட்டுக்குள் வர முடியாத ‘விரும்பத்தகாத நபர்’ என்று அறிவிக்கப்படுவார்கள். மருத்துவமனையில் இருந்தது போன்ற தக்க காரணம் இருந்தால் அந்த அறிவிப்பை நீக்கக் கோரலாம். அதற்கு 10 வேலைநாட்களே அவகாசம். விசா மறுக்கப்பட்டாலும் மறுபரிசீலனை கேட்க 8ஆம் பிரிவு தரும் அவகாசம் அதே 10 வேலைநாட்கள்தான். ஆகவே மறுப்புக் கடிதம் வந்தால், அது கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றே அதன் நகலை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுசெல்லுங்கள்.