தாத்தாவுக்கு ‘வேண்டியது மட்டும்’ கேட்கிறதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. மகளுக்குக் காதின் பாகங்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று ஒப்பிப்பாள். மறுநாள் கேட்டால் விழிப்பாள். தெர்மாகோலில் மாதிரி செய்து கொடுத்தேன், வண்ணப்படம் ஒட்டினேன். வீட்டில் அமைதியும் இல்லை. மில்லில் நூற்புப் பிரிவில் 35 ஆண்டுகள் இருந்த மாமனார் டி.வி.யை அலற விடுகிறார். காது மந்தம்; ஆனால் அவருக்கு வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும்! என் கணவர் கூப்பிட்டால் திரும்புவார். நானோ பிள்ளைகளோ கூப்பிட்டால் திரும்ப மாட்டார். உரக்கச் சொன்னால், “ஏன் கத்துகிறாய்?” என்பார். பிள்ளைகளும் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். பாடம் மனதில் பதிய வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ‘வேண்டியது மட்டும் கேட்கும்.’ காது மந்தமான பெரியவர் உள்ள வீட்டிலிருந்து வரும் கடிதங்களில் இந்த வரி இல்லாதது அபூர்வம். போகிற போக்கில் ஓர் ஆச்சரியக்குறியோடு எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகரப்போவதில்லை. உங்கள் மகளுக்கு வேண்டிய பாடமே அதில்தான் இருக்கிறது.

உட்செவியில் சுமார் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கிறது காக்ளியா. அதற்குள் நுண்ணிய மயிர்கள் கொண்ட செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. அங்கவடி எலும்பு வந்து முட்டும் தொடக்கப் பக்கத்துச் செல்கள் கீச்சென்ற ஒலியை வாங்கும். சுருளின் உச்சியில் இருப்பவை கனத்த ஒலியை வாங்கும். ஆண்டுக்கணக்கான இயந்திர இரைச்சல் முதலில் காவு கொள்வது தொடக்கப் பக்கத்தைச் சேர்ந்தவற்றை. வயோதிகமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அரிக்கிறது. போன செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். கணவரின் கட்டைக் குரல் பெரியவர் காதில் விழுகிறது. உங்கள் குரலும் பிள்ளைகளின் குரலும் கீச்சொலிப் பக்கம் நிற்பவை, நழுவுகின்றன. ச, த, க, ப போன்ற ஒலிகள் மங்கி, உயிரொலி மட்டும் எஞ்சும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். பத்து என்றார்களா, பட்டு என்றார்களா என்று தெரியாது. குரலை உயர்த்தினால் தெளிவு கூடாது, காது வலிக்கும். செல்கள் பழுதான காதில் மெல்லிய ஓசைக்கும் தாங்க முடியாத ஓசைக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ‘ஏன் கத்துகிறாய்’ என்று அவர் கேட்பது முன்கோபத்தால் அல்ல.

இத்தனையும் உங்கள் மகளின் பாடத்தில் இருக்கும் உறுப்பின் வேலை. நீங்களோ அந்த மனிதர் மேல் கள்ளத்தனத்தை ஏற்றியிருக்கிறீர்கள், தாயே. பிள்ளைகள் அதைத்தான் முதலில் படித்துக்கொண்டார்கள். அந்த 35 ஆண்டுச் சம்பளம்தானே உங்கள் கணவரை வளர்த்து ஆளாக்கியது? அதற்குக் கொடுத்த விலையில் அவருடைய காதும் உண்டு. உங்கள் கணவரையும் நான் சும்மா விடுவதாக இல்லை. தான் கூப்பிட்டால் அப்பா திரும்புகிறார், அது போதும் என்று இருந்துவிட்டார் போலிருக்கிறது. பெற்ற தகப்பனின் காதைப் பரிசோதிக்க அழைத்துப்போக மருமகள் கடிதம் எழுதும் வரை காத்திருக்க வேண்டுமா?

ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பெயரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் ஊர் பாளையங்கோட்டை. அதன் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, காது கேளாதவரிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று கூட நம் வீடுகளில் சொல்லித் தருவதில்லை.

மகளைத் தாத்தாவிடம் அனுப்புங்கள். சோதனைப் பொருளாக அல்ல, அவரிடம் பாடம் கேட்க. அந்த இரைச்சலுக்குள் பக்கத்தில் நின்றவரோடு எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்கட்டும். வாயசைவும் கைச்சாடையும் அவரிடமிருந்தே வரும். பிறகு, அவர் சம்மதித்தால், கல், பல், பத்து, பட்டு என்று நாலைந்து சொற்களை வாயை மறைத்துக்கொண்டு சொல்லட்டும்; அதே தூரத்தில் முகத்தைக் காட்டியும் சொல்லட்டும். அவர் காதில் விழுந்ததை மகன் எழுதிக்கொள்ளட்டும். எந்த எழுத்து தவறுகிறது என்று அவனே கண்டுபிடிப்பான்.

மூன்று எலும்புகளைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர், உடம்பிலேயே சிறிய எலும்பு. அரிசி மணியில் பாதி என்று காட்டினால் மறக்காது. மலையேறும் மாஞ்சோலை பஸ்ஸில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்தால், அது நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல். அவ்வளவுதான்.

பெரியவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் காதுக்குள் ஊக்கையோ கோழி இறகையோ நுழைக்க யாரையும் விடாதீர்கள். காதொலிக் கருவி வேண்டும் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். செவித்திறன் சோதனைக்குப் பின் கோடு போட்ட தாள் ஒன்று தருவார்கள். இடது பக்கம் கனத்த ஒலி, வலது பக்கம் கீச்சொலி. கோடு எங்கே சரிகிறது, அது காக்ளியாவின் எந்தப் பக்கம் என்று அவளே தாத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து விளக்கிச் சொல்லட்டும்.