எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 20 பிள்ளைகள்கூட இல்லை. என் மகனை அங்கே சேர்க்கலாமா?

ஒருநாள் காலை முழுக்க அந்தப் பள்ளியில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள்.

2022 ஜூனில் என் மகளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். மொத்தம் 19 பேர், அவள் வகுப்பில் மூன்று பேர். "வேனுக்குக் கட்டப் பணமில்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது மனசு கஷ்டப்பட்டது. உண்மையில் ஊரில் குழந்தைகளே குறைவு. இளம் குடும்பங்கள் வேலைக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டன. மிச்சமிருந்த பிள்ளைகளும் மூன்று வயதிலேயே எல்கேஜி வேனில் ஏறிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கும் எல்கேஜியிலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஊர்ப் பள்ளி காத்திருக்கும்போது, பிள்ளை வேறு பள்ளிக்குப் பழகியிருக்கும்.

படிப்பு? அந்த வருடம்தான் அரசின் 'எண்ணும் எழுத்தும்' கற்பித்தல் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பாடம். என் மகள் இரண்டாம் வகுப்பு முடிக்கும்முன் கதைப் பக்கத்தைத் தானாக வாசித்தாள். ஆங்கிலத்தில் இன்னும் தடுமாறுகிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவும் கிடைப்பது எங்களைப் போல விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்குப் பெரிய உதவி.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. 60 பிள்ளைகள் வரை சட்டப்படி இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும், தலைமையாசிரியரும் அதில் ஒருவர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் அன்றைக்குப் பாடம் நடப்பது சிரமம். ஒருமுறை எங்கள் ஆசிரியர் ஒருவரை மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தொடர்ந்து பேசிய பிறகே திரும்பி வந்தார். அந்தச் சில மாதங்களில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வெகுநாள் ஆனது.

அதனால் அங்கே போனதும் இரண்டு ஆசிரியர்களும் தினமும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். சரளமாக வாசித்தால் தயங்காமல் மகனைச் சேர்த்துவிடுங்கள்.