இந்திய லைசென்ஸும் இங்கிலாந்துச் சாலையும்: மாணவர் கணக்கில் வைக்க வேண்டிய 2 தேதிகள்

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்தவன், வயது 24. வரும் செப்டம்பரில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேரவிருக்கிறேன். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் ஐந்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். அந்த உரிமத்தைக் கொண்டு அங்கே ஓட்டலாமா, அல்லது புதிதாக உரிமம் எடுக்க வேண்டுமா? போனவுடன் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியான யோசனையா?

பதில்: ஓட்டலாம், ஆனால் 12 மாதங்களுக்கு மட்டும். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் பிரிட்டிஷ் உரிமம் எடுத்தே ஆக வேண்டும். போனவுடன் கார் வாங்கும் யோசனையை, குறைந்தது முதல் பருவம் முடியும் வரையாவது, தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்றுக்கும் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் காரின் தேவையைப் பார்ப்போம். பிரிட்டனின் கார்த் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்விட்ட ஊர் கோவென்ட்ரி. ஆயினும் அங்கே படிக்கும் மாணவருக்குக் கார் அவசியமே இல்லை. கோவென்ட்ரி பல்கலைக்கழகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. நகர எல்லையில் உள்ள வாரிக் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு முறைப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்பு 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பர்மிங்ஹாமுக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவு. லண்டன் யூஸ்டனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 16 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கான ரயில் கார்டை 35 பவுண்டு கொடுத்து வாங்கினால், ஓராண்டுக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதுக்கு மேற்பட்ட முழுநேர மாணவர்களும் அதைப் பெறலாம். வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் என்ற நிபந்தனை உண்டு என்பதால், வெளியூர்ப் பயணங்களை அதற்குப் பின் வைத்துக்கொள்வது லாபம்.

இனி உங்கள் உரிமம். இந்திய உரிமத்தைக் கொடுத்துவிட்டுப் பிரிட்டிஷ் உரிமத்தை மாற்றி வாங்கிக்கொள்ளும் வசதி கிடையாது. இலங்கை உரிமத்துக்கும் அப்படியே. சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், பிரிட்டனில் குடியேறிய 5 ஆண்டுகளுக்குள் தேர்வெழுதாமலே மாற்றிக்கொள்ளும் சலுகை உண்டு. நம்மைப் போன்றவர்கள் கிரேட் பிரிட்டனில் குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குச் சொந்த நாட்டு உரிமத்தைக் கொண்டே கார் ஓட்டலாம்; அந்த உரிமம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் போதும். இந்த 12 மாதக் கணக்கு நீங்கள் படிக்க வந்து தங்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே முறைதான் ஓடும். பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு, அதை நம்பி ஓட்டுபவர் உரிமமில்லாமல் ஓட்டுபவராகிறார்.

உரிமத்தைவிடப் பெரிய சிக்கல் காப்பீடு. நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீடு வண்டியைச் சேர்ந்தது. அண்ணன் காரைத் தம்பி ஓட்டினாலும், தம்பியிடம் உரிமம் இருந்தால், காப்பீடு செல்லும். பிரிட்டனில் அது பெரும்பாலும் ஓட்டுபவரைச் சேர்ந்தது. பாலிசியில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டுமே அந்தக் காரை ஓட்டலாம். அறைத் தோழர் சாவியைக் கொடுத்து, "கடைக்குப் போய் அரிசி மூட்டை வாங்கி வா" என்று சொன்னால், நீங்கள் இருவருமே குற்றம் செய்தவர்களாகிறீர்கள்: காப்பீடில்லாமல் ஓட்டியதற்கு நீங்கள், ஓட்ட அனுமதித்ததற்கு அவர். சாலையோரக் கேமராக்கள் வண்டி எண்ணைப் படித்து, காப்பீடு இருக்கிறதா என்று உடனுக்குடன் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் 6 தண்டனைப் புள்ளிகளும் விதிக்கப்படும். காரைக் காவல்துறை அங்கேயே பறிமுதல் செய்து எடுத்துச் செல்லலாம். வழக்கு நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. அங்கே தண்டனை விதிக்கப்பட்டால், பின்னாளில் விசா விண்ணப்பங்களில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு உரிமம், 25 வயதுக்குக் கீழ், பிரிட்டனில் ஓட்டிய வரலாறு இல்லை ஆகிய மூன்றும் சேர்ந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் தொகை, வாங்கவிருக்கும் பழைய காரின் விலையையே மிஞ்சுவது உண்டு. இந்தியாவில் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகச் சேர்ந்த போனஸை அங்குள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தொகையைக் குறைப்பதற்காக, வேலையில் இருக்கும் உறவினர் ஒருவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டி, உண்மையில் நீங்களே தினமும் ஓட்டும் ஏற்பாட்டுக்கு யாராவது வழி சொன்னால் விலகிவிடுங்கள். அது மோசடியாகவே கருதப்படும். விபத்து நேர்ந்தால் பாலிசி செல்லாமற்போகும். ஆகவே கார் விலையை விசாரிப்பதற்கு முன், உங்கள் பெயருக்கும் உங்கள் முகவரிக்கும் காப்பீட்டு விலையை இணையத்தில் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் கார் வாங்கும் எண்ணம் நிலைத்தால், 3 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனை கட்டாயம் என்பதையும், முந்தைய உரிமையாளர் கட்டிய சாலை வரி விற்பனையோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். எப்போதாவது மட்டும் கார் வேண்டுமென்றால் வாடகைக் கார் எடுக்கலாம், அல்லது நண்பர் காருக்கு ஒரு நாள் காப்பீடு வாங்கலாம். ஆனால் இளம் ஓட்டுநர்களிடம் வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும்; ஒரு நாள் காப்பீடு தருபவர்களில் இந்திய உரிமத்தை ஏற்பவர்கள் சிலரே.

இனி பிரிட்டிஷ் உரிமம் எடுப்பது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவது உறுதியென்றால், இதில் நேரத்தையும் பணத்தையும் போடத் தேவையில்லை. படிப்புக்குப் பின் கிராஜுவேட் விசாவில் தங்கி வேலை தேடும் எண்ணம் இருந்தால், தாமதமின்றித் தொடங்குங்கள். அந்த வட்டாரத்தின் வேலைகளில் பல, பஸ் எளிதில் எட்டாத தொழிற்பேட்டைகளிலும் கிடங்குகளிலும், கேடன் கிராமப்புறத்தில் உள்ள ஜாகுவார் லேண்ட் ரோவர் வளாகம் போன்ற இடங்களிலும்தான் இருக்கின்றன.

உங்களுக்கு இரண்டு கடிகாரங்கள் ஒரே நாளில் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று, நான் முன்பு சொன்ன 12 மாதம். மற்றொன்று 185 நாள்: சாலைத் தேர்வு நடக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 185 நாட்கள் நீங்கள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். செப்டம்பர் 15 அன்று போய் இறங்கினால், மார்ச் மூன்றாவது வாரத்துக்கு முன் உங்களால் சாலைத் தேர்வுக்கு அமரவே முடியாது. இடையில் மூன்று வாரம் ஊருக்கு வந்து போனால் அது ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். மறுபுறம், அடுத்த செப்டம்பர் நடுவில் இந்திய உரிமத்தின் அனுமதி முடிகிறது. ஆக, இடைவெளியில்லாமல் ஓட்ட விரும்புபவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மாத ஜன்னல்தான். பல தேர்வு மையங்களில் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீள்கிறது. முன்பதிவோ அடுத்த 24 வாரங்களுக்குள் வரும் தேதிகளுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். மார்ச் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று இருந்துவிட்டவருக்குக் கையில் தேதி கிடைக்கும்போது அந்த ஜன்னல் மூடியிருக்கலாம்.

எனவே போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே புரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். நம் ஊர் எல்.எல்.ஆருக்கு இணையானது அது. ஸ்வான்சி நகரிலுள்ள டி.வி.எல்.ஏ. என்னும் அரசு உரிம முகமை அதை வழங்குகிறது, இணையத்தில் 34 பவுண்டு, அஞ்சலில் 43 பவுண்டு. குறைந்தது 185 நாள் தங்குவதற்கான அனுமதி உங்களுக்கு இருக்க வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கான மாணவர் விசாவில் அதற்குக் குறைவிருக்காது. அடையாளச் சான்றாகக் கடவுச்சீட்டையே அஞ்சலில் அனுப்ப நேரிடலாம் என்பதால், ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் மாதத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

பலரும் கேட்கும் ஐயம் ஒன்று: புரொவிஷனல் வாங்கிவிட்டால் எல் போர்டு மாட்டி, அருகில் ஒருவரை உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டுமா? 12 மாதத்துக்குள் வேண்டியதில்லை. இந்திய உரிமத்தின் அனுமதி ஓடிக்கொண்டிருக்கும் வரை புரொவிஷனல் நிபந்தனைகள் உங்களைக் கட்டுப்படுத்தாது. தேர்வில் வெற்றி பெறாமல் 12 மாதம் முடிந்த மறுநாளே அவை அத்தனையும் வந்து சேரும்: எல் போர்டு வேண்டும், 21 வயது நிறைந்த, முழு உரிமம் பெற்று 3 ஆண்டுகளான ஒருவர் அருகில் இருக்க வேண்டும், காப்பீட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். முதல் 12 மாதத்துக்குள் புரொவிஷனலே வாங்காதவர், அதன் பிறகு அது கைக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அடுத்து எழுத்துத் தேர்வு. கட்டணம் 23 பவுண்டு. 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். 2014 ஏப்ரல் வரை இந்தத் தேர்வின் கேள்விகளைத் தமிழிலும் ஒலி வடிவில் கேட்கும் வசதி இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டுமே. கேள்விகள் முடிந்ததும் 14 காணொளித் துண்டுகள் வரும். சாலையில் ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் சொடுக்க வேண்டும். 75 மதிப்பெண்ணுக்கு 44 தேவை. ஒரே தாளகதியில் சொடுக்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துண்டுக்குப் பூஜ்யம் விழும். அனுபவமுள்ள நம் ஓட்டுநர்கள் தடுமாறும் இடம் இதுதான். இடப்புறமிருந்து ஒரு சைக்கிள் மெல்ல எட்டிப் பார்ப்பது நமக்கு ஆபத்தாகவே தோன்றாது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டிப் பழகிய கண்ணுக்கு அது அன்றாடக் காட்சி. நவம்பருக்குள் இதை முடித்துவிட்டு, அன்றே சாலைத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். வார நாட்களில் கட்டணம் 62 பவுண்டு. மாலையிலும் வார இறுதியிலும் 75. அரசின் தளத்தில் மட்டும் பதியுங்கள். தேதி பிடித்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் கூடுதல் தொகை கேட்பவர்களிடம் உங்கள் உரிம எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

சாலைத் தேர்வை ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவதோடு ஒப்பிடக்கூடாது. ஏறத்தாழ 40 நிமிடம், உண்மையான போக்குவரத்தில், அதில் 20 நிமிடம் வழிகாட்டிப் பலகையையோ வழிகாட்டும் கருவியையோ பார்த்து நீங்களே ஓட்ட வேண்டும். சிறு பிழைகள் 15 வரை மன்னிக்கப்படும். பெரிய பிழை ஒன்று வந்தால் தோல்வி. தேர்வெழுதுவோரில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே வெற்றி பெறுகிறார்கள். சந்திப்புகளில் சரியாகப் பார்க்காததும், திசை மாற்றும் முன் கண்ணாடி பார்க்காததும் தோல்விக்குத் தொடர்ந்து சொல்லப்படும் முதன்மைக் காரணங்கள். நாம் ஒலியைக் கேட்டு ஓட்டிப் பழகியவர்கள்; பின்னால் வருபவர் ஹாரன் அடித்துத் தன்னை அறிவிப்பார் என்பது நம் எதிர்பார்ப்பு. அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள், கண்ணாடிதான் சொல்லும். ரவுண்டானாவில் வலப்புறமிருந்து வருபவருக்கு நின்று வழிவிட வேண்டும். மூக்கை நுழைத்து இடம் பிடிப்பது பெரிய பிழை. கிளைச் சாலைக்குள் திரும்பும்போது அதைக் கடக்கக் காத்து நிற்கும் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும் என்று 2022 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. முகப்பு விளக்கை மின்னுவது நம் ஊரில் "நான் வருகிறேன், நில்" என்று பொருள்படும்; அங்கே பலர் அதே சைகையை "நீங்கள் போங்கள்" என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். விதிப்படி அதற்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்பதற்கு மேல் பொருளில்லை. ஆகவே நீங்களும் மின்ன வேண்டாம், பிறர் மின்னியதை நம்பியும் நகர வேண்டாம்.

உங்கள் அனுபவத்துக்கு முழுப் பயிற்சி தேவைப்படாது. ஆனால் தேர்வு மையத்தைச் சுற்றியுள்ள சாலைகளை அறிந்த ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்புகளாவது எடுத்து, அவருடைய காரிலேயே தேர்வுக்குப் போவது நல்லது. கியர் வண்டியில் தேர்வெழுதுங்கள். ஆட்டோமேட்டிக்கில் வெற்றி பெற்றால் கியர் வண்டி ஓட்ட உரிமை கிடைக்காது. வெற்றி பெற்ற முதல் 2 ஆண்டுகளில் 6 தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். ஓட்டும்போது கைப்பேசியை ஒரு முறை கையில் பிடித்தாலே 6 புள்ளிகள் வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் வண்டி கைக்கு வந்ததும் பலர் அதில் விழுகிறார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதியில்லை. உணவு விநியோகச் செயலிகளில் ஓட்டுபவர்கள் பொதுவாகச் சுயதொழில் செய்பவர்களாகவே கொள்ளப்படுவதால், வாரத்துக்கு 20 மணி நேர வரம்புக்குள் ஓட்டினாலும், வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினாலும், விசா நிபந்தனையை மீறியவராவீர்கள். அதேபோல், சொந்தமாக மின் ஸ்கூட்டர் வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம். அரசு அனுமதித்த வாடகை ஸ்கூட்டர்களுக்கு மட்டுமே இடமுண்டு.

புறப்படும் முன் திருச்சியில் முடிக்க வேண்டியவை சில. உங்கள் உரிமம் நீங்கள் அங்கிருக்கும் காலம் முழுவதும் செல்லுபடியாகுமா, அதில் கார் ஓட்டுவதற்கான எல்.எம்.வி. வகை இருக்கிறதா, பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்துகொண்டு இதைத் திருத்துவது பெரும்பாடு. ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை என்பதால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி சட்டப்படி தேவையில்லை. சில வாடகைக் கார் நிறுவனங்கள் கேட்பதுண்டு என்பதால், வாடகைக் கார் எடுக்கும் திட்டமிருந்தால் மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலுள்ள டிஜிட்டல் உரிமத்தை மட்டும் நம்பிப் போகாமல் அசல் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். விமானம் தரையிறங்கிய நாளைக் குறித்து வைத்து, அந்த நாளிலிருந்து 185ஆவது நாளையும் 12ஆவது மாதம் முடியும் நாளையும் அன்றே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.