ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: தோல் ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. எப்போது பார்த்தாலும் சொறிந்துகொண்டே இருக்கிறது, அடிவயிறு சிவந்திருக்கிறது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவு), ‘100% இயற்கை’ என்று போட்ட விலை அதிகமான ஷாம்பு ஒன்றை வாங்கினேன். இரண்டு தடவை குளிப்பாட்டியும் அரிப்பு குறையவில்லை. இதைவிட உயர்ந்ததாக ஏதாவது வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முன்பக்கத்தில் நீங்கள் நம்பி வாங்கிய இரண்டு சொற்களுக்கும் பெரிய எடை கிடையாது. மனிதர்களுக்கான அழகுசாதனப் பொருள்களிலேயே ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்பதற்குச் சட்டப்படி வரையறை இல்லை, அந்தந்த நிறுவனம் நினைப்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நாய் ஷாம்புவில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

‘இயற்கை’யும் அப்படித்தான். டீ ட்ரீ எண்ணெய் இயற்கைதான். ஆனால் அதைக் கலக்காமல் அடர்த்தியாகத் தடவினால் நாய்க்கு நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும், துவண்டுபோய்ப் படுத்துவிடும். நாய் தன் தோலை நக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மேலே பூசுவதில் ஒரு பங்கு உள்ளேயும் போகிறது.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது வாசனை. ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று இருந்தாலும் சரி, பூ எண்ணெய்களின் பெயர் வரிசையாக இருந்தாலும் சரி, அது உங்கள் மூக்குக்காகச் சேர்த்தது. நாய்க்கு அது தேவையே இல்லை. அடுத்தது ‘மெதில்ஐசோதையசோலினோன்’ என்ற நீளப் பெயர். பாட்டில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இது. மனிதர்களிடம் இது கிளப்பிய தோல் ஒவ்வாமையைப் பார்த்து, பொருள்கள் தோலில் பட்டு வரும் அழற்சியைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 2013-ல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தடவி அப்படியே விட்டுவிடும் கிரீம் வகைகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் இதைத் தடையும் செய்தது. தோல் ஏற்கெனவே தகராறு செய்கிற நாய்க்கு இது இல்லாததாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

‘பிஎச் பேலன்ஸ்டு’ என்று இருந்தால், யாருடைய தோலுக்கு என்று பாருங்கள். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, பிஎச் ஏறக்குறைய 5. நாயின் தோல் அதைவிட நடுநிலைக்கு, அதாவது 7-க்குப் பக்கத்தில் இருக்கும். நாம் போடும் ஷாம்புவை நாய்க்கும் போடக்கூடாது என்பது இதனால்தான். குழந்தைகள் ஷாம்பு என்றாலும் அதே கதை.

சரி, பாட்டில் நல்லதுதான் என்றே வைத்துக்கொள்வோம். நான் கேட்டவரையில், பாதிப் புகார்கள் அலசுவதில்தான் போய் முடிகின்றன. வெளியே பார்த்தால் நுரை போய்விட்டிருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் விரல் சந்துகளிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று ஒட்டும். அந்த மிச்சம் காய்ந்ததும் அரிக்கும், நாய் நக்கும், நக்கிய இடம் சிவக்கும். ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரே இடத்தில் திட்டாகத் தேங்காது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றினால் சூடு தெரியக்கூடாது. சூடான தண்ணீர் அரிப்பைக் கூட்டும். தெளிந்த தண்ணீர் வந்தபிறகு இன்னொரு முறை முழுக்க அலசுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

இவ்வளவு செய்தும் சொறிந்தால் ஷாம்புவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். அதன் எச்சிலே பல நாய்களுக்கு ஒவ்வாமை, நாலைந்து கடி போதும். வால் தொடங்கும் இடத்தில் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாருங்கள். சீப்பில் மிளகுத்தூள் போல ஏதாவது வந்தால், ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். அப்புறம் எந்த ஷாம்புவும் தீர்வாகாது, மருத்துவரிடம் பூச்சிமருந்து கேட்டு வாங்குங்கள். முதுகில் சொட்டாக விடும் மருந்து என்றால் குளியலுக்கும் அதற்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது அட்டையிலேயே இருக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள நாய் மருந்து பூனைக்கு விஷம்.

கேள்வி: க்ரூமிங் கடையில் குளிப்பாட்டிக் கூட்டிவந்து இரண்டு நாளாகிறது. முதுகில் கை வைத்தாலே வலியில் கத்துகிறது, முடிக்கு அடியில் கொப்புளங்கள். சாப்பிடவும் இல்லை. கடைக்காரர் ‘அலர்ஜியாக இருக்கும், சரியாகிவிடும்’ என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பணம் இருக்கட்டும், இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். குளித்த ஓரிரு நாளில் முதுகில் வலியோடு கிளம்பும் கொப்புளம் சாதாரண அலர்ஜியாக இல்லாமல், முடிவேர்களுக்குள் ஆழமாகப் போன பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி. தண்ணீரும் ஈரமும் கிடைத்தால் தழைக்கிற ஜாதி அது. சில நாய்களுக்குக் காய்ச்சலும் வரும். நாள் கடத்தினால் சிக்கல் பெரிதாகும். மறுபடி குளிப்பாட்டாதீர்கள், கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள். ‘குளிப்பாட்டி இரண்டு நாளாகிறது’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்கு எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்ணீர் கலந்து வைத்த ஷாம்புவிலிருந்து. மூடிய பாட்டிலில் பாதுகாப்புப் பொருள் சரியான அளவில் இருக்கும். பத்து மடங்கு தண்ணீர் விட்டதும் அதன் வலு போய்விடும். அந்தப் பாட்டிலை நாள்கணக்கில் வைத்து, தீரத் தீர மேலேயே ஊற்றி நிரப்பினால் அது கிருமிப் பண்ணை. அதை முதுகில் ஊற்றி, முடி வளரும் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்த்தால் கிருமி வேருக்குள் இறங்கிவிடும். கடையில் மட்டும்தான் இது நடக்கும் என்றில்லை. மிச்சக் கலவையை நானே ஒருமுறை பழைய பாட்டிலில் ஊற்றிவைத்து, அடுத்த வாரம் திறந்தபோது அழுகல் வாடை வந்து கொட்டியிருக்கிறேன்.

பணத்தைப் பற்றி: ரசீதை எடுத்து வையுங்கள், தேதியோடு படம் எடுங்கள், மருத்துவரின் குறிப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த ஷாம்பு, எப்போது கலந்தது என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தோடு மருத்துவச் செலவையும் கேட்க இந்தக் காகிதங்கள்தான் உதவும். அடுத்த கடையைத் தேடும்போது ஒரே கேள்வி போதும்: “கலவையைத் தினமும் புதிதாகக் கலக்குகிறீர்களா?” தயங்காமல் பதில் வந்தால் உள்ளே போகலாம். நீங்கள் கொண்டுபோகும் ஷாம்புவைப் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: முடி வெட்டும் கிளிப்பரும் பிரஷ்ஷும் வாங்கி வீட்டிலேயே செய்யலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பிரஷ்ஷை முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தாலே நாய்க்கு அது கடுமை. வளைந்த கம்பிப் பற்கள் நிறைந்த ஸ்லிக்கர் பிரஷ் ஒரே இடத்தில் நாலைந்து தடவை போனால் தோல் உரிந்துவிடும். குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் போதும். கிளிப்பரில் விலையைவிடப் பிளேடு சூடாவதுதான் பிரச்சினை. வெட்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளிப்பரை நிறுத்தி, பிளேடைக் கையில் ஒற்றிப் பாருங்கள், சுட்டால் ஆறட்டும். மாற்றுப் பிளேடு கிடைக்காத மாடலை வாங்காதீர்கள். மேலே கடினமாகவும் அடியில் மெத்தென்றும் இரட்டை அடுக்கு முடியுள்ள இனம் என்றால் மழிக்கவே வேண்டாம், வாரினால் போதும்.