மூளையும் பணமும்: கோடைப் பள்ளிக்கு மகளை அனுப்பும் முன்

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. டர்பனில் பொருளாதாரம் படிக்கும் மகள், பணத்தைப் பற்றி மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்லித்தரும் நரம்பியல் பொருளாதாரக் கோடைப் பள்ளிக்கு, ஐரோப்பாவில் இரண்டு வாரம், போக வேண்டும் என்கிறாள், பணம் கட்டலாமா என்பது ஒன்று. இதைப் படித்தால் மூளை டாக்டராகவோ சைக்காலஜிஸ்டாகவோ ஆகலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். ஆக முடியாது. தென்னாப்பிரிக்காவில் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப்பலகை மாட்ட, அங்கீகரிக்கப்பட்ட மாஸ்டர்ஸ், அதன் பிறகு இன்டர்ன்ஷிப், சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு எல்லாம் வேண்டும். கோடைப் பள்ளியின் சான்றிதழ் அந்தப் பாதையில் ஒரு படிகூட இல்லை. மகள் படிக்கும் பல்கலைக்கழகம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவிர, இங்கே பட்டத்துக்கான கிரெடிட்டாகவும் அது சேராது. "மூளை ஆலோசகர்" பட்டம் தருகிறோம் என்று எந்த நிறுவனமாவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பணம் கட்டலாமா என்பதற்கு மகள் அங்கே என்ன செய்யப் போகிறாள் என்று தெரிய வேண்டும். மனிதர்கள் பணத்தை, ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை 1979-இல் கானெமனும் ட்வெர்ஸ்கியும் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கணக்காக எழுதினார்கள். ஒரே அளவு லாபம் தரும் சந்தோஷத்தை விட நஷ்டம் தரும் வலி பெரிது என்பது அதன் மையம். கானெமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே இறந்துவிட்டார். 1997-இல் ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் பரிசுக்காக மட்டும் துடிப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கின்றன என்று காட்டியது. இந்த இரண்டு ஓடையும் சேர்ந்த இடம்தான் நரம்பியல் பொருளாதாரம். இந்த மாதிரிக் கோடைப் பள்ளியில் இவற்றைக் கதையாகக் கேட்கப் போவதில்லை. உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

எப்படிப்பட்ட கணக்கு என்று ஒன்றைப் பார்ப்போம். திரையில் ஒரு பந்தயம்: நாணயம் சுண்டினால் பாதி வாய்ப்பு 150 ரேண்ட் லாபம், பாதி வாய்ப்பு 100 ரேண்ட் நஷ்டம். ஏற்கிறீர்களா, மாட்டீர்களா? பாதிப் பாதி என்பதால் இரு பக்கமும் அதே பங்குதான், அதை விட்டுவிடலாம். ஒருவருக்கு நஷ்டம் இரண்டு மடங்கு வலிக்கிறது என்று வைத்தால், 150-இலிருந்து 200-ஐக் கழிக்க வேண்டும். மதிப்பு மைனஸ் 50. லாபத்தை 250 ஆக்கினால் பிளஸ் 50. ஆனால் மனிதர்கள் பிளஸ் என்றால் எப்போதும் ஏற்பார்கள், மைனஸ் என்றால் எப்போதும் மறுப்பார்கள் என்று இல்லை, தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு ஓர் எண் கொடுக்கிறோம். அது 0.02 என்றால், 50-ஐ அதால் பெருக்கி லாஜிட் என்ற சூத்திரத்தில் போட்டால், பிளஸ் 50 பந்தயத்தை அவர் ஏற்கும் வாய்ப்பு சுமார் 73 சதவீதம், மைனஸ் 50-ஐ ஏற்பது 27 சதவீதம். ஒருவரிடம் நூற்றுக்கணக்கான பந்தயங்களைக் காட்டி, அவருடைய பதில்களோடு நன்றாகப் பொருந்தும் இரண்டு எண்களை (நஷ்டம் எத்தனை மடங்கு வலிக்கிறது, எவ்வளவு தடுமாறுகிறார்) கணினியில் தேடுவதுதான் முதல் வாரத்துப் பாடம். மகள் இதைக் காகிதத்தில் போட்டு உங்களுக்கு விளக்கிவிட்டால் பாதித் தகுதி வந்துவிட்டது.

மீதிப் பாதி ஸ்கேனர். எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் நரம்பின் துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை அளக்கிறது. ஒரு பந்தயத்தைப் பார்த்த பிறகு அந்த சிக்னல் உச்சத்துக்கு வர 5, 6 விநாடி ஆகும். அடுத்தடுத்துப் பந்தயங்களை ஒரே இடைவெளியில் காட்டினால் ஒன்றின் சிக்னல் மற்றதோடு கலந்துவிடும். அதனால் இடைவெளியை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் வைப்பார்கள். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே அந்தப் பதிவைத் தூக்கிப்போட நேரிடும். அதன் பிறகுதான் உண்மையான வம்பு. மூளைப் படத்தில் பல்லாயிரம் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சோதனை போட்டால் தற்செயலாகவே எங்காவது "வெளிச்சம்" தெரியும். அதைக் கழிக்கக் கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். 2009-இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் அதன் மூளைகூட "வேலை செய்வதாக" வரும் என்று காட்டியது. இன்னும் கூர்மையான பாடம் 2020-இல் நேச்சர் இதழில் வந்தது. 108 பேர் இதே மாதிரிப் பந்தயம் ஆடிய ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. பல கருதுகோள்களில் முடிவும் ஒத்துவரவில்லை.

பள்ளியின் பாடத்திட்டத்தைத் திறந்ததும் பாருங்கள்: மாதிரியைத் தரவோடு பொருத்துவது, பன்மைச் சோதனைக்கான திருத்தம் (மீன் கதையில் பார்த்தது), முன்பதிவு செய்த ஆய்வுத் திட்டம் (தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்தது) இவை இருக்கின்றனவா? இருந்தால் அது படிப்பு. "பிரபலப் பேராசிரியர்களின் சொற்பொழிவுகள், நகரச் சுற்றுலா, சான்றிதழ்" என்று மட்டும் இருந்தால் அது சுற்றுலா. சுற்றுலாவும் தப்பில்லை, ஆனால் அதற்குப் படிப்பின் விலை கொடுக்க வேண்டாம். மூளையில் இன்சுலா என்ற பகுதி ஒளிர்ந்தால் அருவருப்பு, அக்கம்பென்ஸ் என்ற பகுதி ஒளிர்ந்தால் ஆசை என்று பின்னோக்கி முடிவு கட்டுகிற விளம்பரம் உள்ள பள்ளியையும் சந்தேகப்படுங்கள். ஒரே பகுதி பத்து வேலை பார்க்கும்.

இனி மகளின் தயார்நிலை. இந்தக் கோடைப் பள்ளிகள் பெரும்பாலும் மாஸ்டர்ஸ், முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்தே நடக்கின்றன. நம் ஊரில் பி.காம். மூன்று ஆண்டு, ஹானர்ஸ் தனியாக ஓர் ஆண்டு. மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்தால் "இளங்கலை மாணவி" என்று ஓரம் கட்டப்படுவாள். ஹானர்ஸ் முடிந்து மாஸ்டர்ஸில் சேர்ந்த ஆண்டு சரியான நேரம். அதற்குள் வேண்டியவை நான்கு: நிகழ்தகவும் புள்ளியியலும், கொஞ்சம் நேரியல் இயற்கணிதம், எகனோமெட்ரிக்ஸில் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) லாஜிட் வரை, பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழியில் தன் கையால் எழுதிய நிரல். மூளையின் உடற்கூறியல் தெரியாமல் போனால் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். நிரல் எழுதத் தெரியாமல் போனால் இரண்டாம் நாளே பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேட்ரிக்குக்கு மேத்ஸ் எடுக்காமல் மேத்ஸ் லிட்டரசி (எளிய அன்றாடக் கணக்கு) எடுக்க நினைக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், இந்தத் துறை மட்டுமல்ல, பொருளாதாரப் பட்டமே பெரும்பாலும் கைக்கு எட்டாது என்பதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாள்காட்டிதான் டர்பன் மாணவர்களைக் கவிழ்க்கும் இடம். வடக்கே கோடை என்றால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. இங்கே ஜூனில் பரீட்சை. இரண்டாம் செமஸ்டர் ஜூலை நடுவிலோ கடைசியிலோ தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்து மாணவிக்குக் கிடைப்பது சில வாரம்தான். பள்ளி அதற்குள் முடிந்தால் நல்லது. ஆகஸ்டில் இருந்தால் ஹானர்ஸ் ஆண்டில் போகவே கூடாது: ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி, தரவு சேகரிப்பு எல்லாம் அப்போதுதான் நெருக்கும். சப்ளிமென்டரி பரீட்சைத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு அந்தத் தேதி வந்து நிற்பது அபூர்வமல்ல.

பக்கத்திலேயே இருக்கும் கதவுகளைப் பலர் தட்டுவதில்லை. கேப் டவுனில் ஜனவரியில் சில வாரம் நடக்கும் கணிப்பு நரம்பியல் (மூளையைக் கணக்கு மாதிரிகளால் படிப்பது) இம்பிசோ என்ற பயிலரங்கு நம்முடைய கோடையில் வருகிறது, விசா வேண்டாம், ஆப்பிரிக்க மாணவர்களுக்கு நிதி உதவியும் உண்டு. பொருளாதார முடிவுகள் அதன் நேரடிப் பொருள் அல்ல. ஆனால் அங்கே கற்கும் மாதிரிகள்தான் இங்கேயும் பயன்படுகின்றன. சில ஆண்டுகளில் தைப்பூசக் காவடி அந்த வாரங்களிலேயே விழும், பாட்டியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நியூரோமேட்ச் அகாடமி ஜூலையில் மூன்று வாரம், இணையத்தில், முழு நேரம். கட்டணம் நாட்டுக்கு ஏற்பக் குறையும், பாடங்கள் எல்லோருக்கும் இலவசமாகவும் திறந்திருக்கின்றன. இதைப் பலர் யோசிக்காமல் "ஆன்லைன்தானே" என்று ஒதுக்குகிறார்கள். வீட்டில் ஒரு அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து முடித்தவளுக்கு, அடுத்த ஆண்டு ஐரோப்பியப் பள்ளியில் இடம் கிடைப்பது எளிது. தொடர்ந்து படிக்க கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் நடத்தைப் பொருளாதாரம், நரம்பியல் பொருளாதாரம் இரண்டுக்கும் சேர்ந்த ஆய்வுப் பிரிவே இருக்கிறது. அதே ஊரில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை வளாகத்தில் ஆராய்ச்சிக்கான 3 டெஸ்லா ஸ்கேனரும் உண்டு. மாஸ்டர்ஸுக்குக் கடல் தாண்டியே ஆக வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பத்தில் தோற்கும் இடம் நோக்கக் கடிதம். "சிறு வயதிலிருந்தே மூளை என்னைக் கவர்ந்தது" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் பத்தி வரை படிப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி வேண்டும், அதுவும் அவள் ஊர்க் கேள்வியாக. சீட்டும், அதைப் போல இங்கே குழுவாகப் பணம் சேமிக்கும் ஸ்டாக்வெல்லும் நல்ல உதாரணம்: வட்டி இல்லாத இடத்தில் மாதாமாதம் பணம் போடுகிறவர், அதே பணத்தை வங்கியில் போட்டால் எடுத்துச் செலவழித்துவிடுகிறார். இன்றைய ஆசையை அதிகமாக எடைபோடும் மனம் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்கிறதா, அல்லது பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயமா? இரண்டையும் பிரித்துக் காட்டும் பந்தயம் ஒன்றை அவள் வடிவமைத்தால் கடிதம் நிற்கும். அந்த ஒரு பக்கத்தோடு, தான் எழுதிய நிரல் இருக்கும் இணைப்பையும் கொடுக்கட்டும். பரிந்துரைக் கடிதம் அதிக மார்க் போட்டவரிடம் வேண்டாம். அவளுடைய ஆய்வறிக்கையைத் திருத்தியவரிடம் வாங்கட்டும், ஆறு வாரம் முன்னால் கேட்கட்டும்.

பணத்துக்கு வருவோம். அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். இதற்குத் தராது, அது பெரும்பாலும் இங்கத்திய பொதுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு. கேட்க வேண்டிய இடங்கள் மகளின் மேற்பார்வையாளரின் ஆய்வு நிதி, புலத்தின் பயண நிதி, பள்ளியே தரும் கட்டணத் தள்ளுபடி. தள்ளுபடியை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும்; இடம் கிடைத்த பிறகு கேட்டால் பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். கட்டணம் யூரோவிலோ ஃப்ராங்கிலோ இருந்தால் ரேண்ட் சரியும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், ஆனால் 45 நாள் வரை நீளலாம். ஜூலைப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள், மே, ஜூனில் இடம் கிடைப்பது கஷ்டம். மகள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், அதில் இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். திடீரென்று கணக்கில் போட்ட பெரிய தொகை வங்கி அறிக்கையில் தெரிந்தால் கேள்வி வரும். செலவை ஏற்பவர் மாமா என்றால் அவருடைய கடிதமும் சம்பளச் சீட்டும் தனியாக வையுங்கள்.

வேலை என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். "நரம்பியல் பொருளாதார நிபுணர் தேவை" என்று செய்தித்தாளில் விளம்பரம் வராது. கிடைக்கும் வேலை டேட்டா அனலிஸ்ட், காப்பீட்டிலும் வங்கியிலும் வாடிக்கையாளர் நடத்தை ஆய்வு, சுகாதாரத் திட்டங்களின் மதிப்பீடு, பிறகு முனைவர் பட்டம். இந்த வேலைகளில் நேர்முகத் தேர்வில் அவளிடம் கேட்கப்போவது மூளைப் படத்தை அல்ல; தடுமாற்றத்துக்கு எண் கொடுத்த அந்தக் கணக்கைத்தான்.

முன்பணம் கட்டும் நாளுக்கு முன் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்கவேண்டிய ஒன்று இருக்கிறது. விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதி வரை? பல பள்ளிகளின் விதிமுறையில் ரத்துக்கு ஒரு தேதி இருக்கும். அது உங்கள் விசா முடிவு வரும் தேதிக்கு முன்னால் விழுந்தால், தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.