தோழி கர்ப்பமாகும் இளையோர் கதையை எப்படி எழுதுவது?

திருகோணமலையில் பள்ளி மாணவி ஒருத்தி கர்ப்பமாகிறாள், அவளுக்கும் தோழிக்குமான நட்புதான் நாவல், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோழியின் வாயால் சொல்லுங்கள். கர்ப்பமானவளை ஊரே பார்க்கும். பக்கத்தில் நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. உப்புவெளிக் கடற்கரையில் இருவரும் இருக்கிறார்கள். மீன் பொரிக்கும் மணம் வந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடுகிறாள். "என்னடி, இண்டைக்கும் சத்தியா?" என்று கேட்டவள், சத்தமில்லாமல் விரல்விட்டு நாள் எண்ணுகிறாள். அதற்குமேல் வசனமே வேண்டாம்.

வயதை யோசித்து வையுங்கள். இலங்கைச் சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்தவளின் சம்மதம் சம்மதமே அல்ல, அது வன்புணர்வு. தயவுசெய்து அதைக் காதலாக இனிக்க இனிக்க எழுதாதீர்கள். பொதுச் சட்டப்படி திருமண வயது 18. கருக்கலைப்புக்குத் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. ஆக, பெரியவர்கள் சொல்லும் சுலபமான வழிகள் பலவும் அடைபட்டே இருக்கும்.

அப்புறம், கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு தேடி வரும் மிட்வைஃப் அக்காவை விட்டுவிடாதீர்கள். அதட்டாமல் பேசும் ஒரே பெரிய ஆளாக அவரே இருக்கலாம். தோழிக்குக் கோபமும் வரட்டும். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு அவள் தனியாகப் பஸ் ஏறும் காலையை ஆற அமர எழுதுங்கள்.